யாருக்கு அரணை புத்தி?



அரணையைப் பற்றி நம் முன்னோர் இரண்டு பேச்சுகளை நமக்கு விட்டுப்போயிருக்கிறார்கள். "அரணை நக்கினால் மரணம்" என்பது ஒன்று. இதில் உண்மையில்லை. நம் வீட்டு முற்றத்தில் சருகுக்குள் ஓடி ஒளியும் அரணைக்கு விஷமே கிடையாது. மற்றொன்று "அரணை புத்தி" என்பது. மனிதனைக் கடிக்க வேண்டுமென்று அது ஓடி வருமாம். கிட்டே வந்ததும், எதற்காக வந்தோம் என்பது மறந்துபோய்த் திரும்பிவிடுமாம். அதனால்தான், கடைக்கு அனுப்பிய பிள்ளை வாங்க வேண்டியதை மறந்து வெறுங்கையோடு வந்து நின்றால், "உனக்கு என்ன, அரணை புத்தியா?" என்று தாய்மார் கடிந்துகொள்கிறார்கள்.

கொல்லுகிறது என்பதும் மறக்கிறது என்பதும் அந்த ஏழைப் பிராணியின் மேல் நாம் சுமத்திய இரண்டு பழிகள். கொல்வதும் மறப்பதும் மெய்யாகவே யாருடைய குணங்கள்? கடல் கடந்த ஒரு தீவில் நடந்துவரும் காரியத்தைப் பார்த்தால், இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். சற்றுப் பொறுமையோடு கேளுங்கள்.

பாறை அரணை

அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே, அமெரிக்காவின் வட கரோலினாக் கரைக்குக் கிழக்கே ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தூரத்தில், பெர்முடா என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறது. எல்லாத் தீவுகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஏறத்தாழ 54 சதுரக் கிலோமீட்டர்தான் தேறும். வெப்ப மண்டலத்துக்கு வெகு வடக்கே இருந்தபோதிலும், வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் பக்கத்தில் ஓடுவதால் அங்கே கடுங்குளிர் இல்லை. அணைந்துபோன எரிமலை ஒன்றின் தலைமேல் சுண்ணாம்புப் பாறை படிந்து உண்டான நிலம் அது. ஆறு கிடையாது. மக்கள் வெள்ளையடித்த கூரைகளிலே மழைநீரைப் பிடித்துக் குடிக்கிறார்கள்.

இந்தப் பாறை இடுக்குகளில் ஒரு சிறிய அரணை வாழ்கிறது. அவ்வூரார் இதைப் 'பாறைப் பல்லி' என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை அளந்தால் 8 சென்டிமீட்டர் இருக்கும். குஞ்சுகளுக்கு வால் பளிச்சென்ற நீல நிறம். வளர வளர அந்த நீலம் மங்கிவிடும். வளர்ந்த ஆணின் கன்னத்திலும் தொண்டையிலும் ஆரஞ்சு நிறம் ஏறியிருக்கும். கல்லுக்கடியில் சில முட்டைகளை இட்டு, தாய் அவற்றைச் சுற்றிக் காவல் கிடக்கும். புழு பூச்சிகளே உணவு. கஹவ் என்றொரு கடற்பறவை அத்தீவுகளில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கிறது. அரணை அந்த வளைகளுக்குள் நுழைந்து, சிந்திய இரையையும் கெட்டுப்போன முட்டையையும் தின்று துப்புரவு செய்யும். பறவைக்கு இதனால் நஷ்டமில்லை. அரணைக்கு உணவும் கிடைக்கிறது, நிழலும் கிடைக்கிறது.

இது உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம். விஞ்ஞானி எட்வர்ட் டிரிங்கர் கோப் 1861-ல் இதை விவரித்துப் பெயரிட்டார். இதன் வம்சம் மற்ற அரணை வம்சங்களிலிருந்து ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது என்று 2010-ல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இது பெர்முடாவில் இருந்ததற்குப் பாறைகளில் எலும்புச் சான்று உண்டு. கண்டத்தில் இருந்த நெருங்கிய உறவினரெல்லாம் அழிந்துபோக, நடுக்கடலில் ஒரு பாறையைப் பற்றிக்கொண்டு இந்தச் சிறு குடும்பம் மட்டும் தப்பிப் பிழைத்தது. கடல் ஏறி இறங்கியதைத் தாங்கிற்று, புயல்களைத் தாங்கிற்று. அது தாங்க முடியாதது பிறகுதான் வந்தது.

1609-ம் ஆண்டு 'சீ வென்சர்' என்ற ஆங்கிலக் கப்பல் அத்தீவின் பாறைகளில் மோதிற்று. அதில் இருந்தவர்கள் அனைவரும் உயிரோடு கரையேறினார்கள். 1612-ல் நிரந்தரமான குடியேற்றம் தொடங்கியது. அதுவரை அங்கே குடிமக்கள் யாரும் இருந்ததில்லை. மனிதரோடு கப்பலில் எலி வந்தது. சில ஆண்டுகளுக்குள் எலி பெருகித் தானியத்தை அழித்ததால், அதை ஒழிக்கப் பூனைகளை அவிழ்த்துவிட்டார்கள். எலியும் பூனையும் அரணைக்கு எமனாயின. இன்று அந்த அரணை, பெரிய தீவில் சிதறிய சில இடங்களிலும், கரையோரச் சின்னஞ்சிறு தீவுகளிலும் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. எலியும் பூனையும் குடியேறாத சவுத்தாம்ப்டன் என்ற சிறு தீவில்தான் நெருக்கமாக வாழ்கிறது. அடியோடு அழியும் பேராபத்தில் இருக்கும் இனங்களின் வரிசையில் இதைச் சேர்த்திருக்கிறார்கள்.

ஒரு காலிப் புட்டி

எலியும் பூனையும் கொல்வது நமக்குப் புரிகிறது. அவை பசிக்காகக் கொல்கின்றன. ஆனால் இந்த அரணையைக் கொல்லும் இன்னொன்று உண்டு. அதற்குப் பசியுமில்லை, பல்லுமில்லை. அது ஒரு காலிப் புட்டி.

விடுமுறை நாளில் ஒரு குடும்பம் கடற்கரைப் பாறைக்கு வருகிறது. நல்ல மனிதர்கள். பிள்ளைகள் விளையாடுகிறார்கள், பெரியவர்கள் பானம் அருந்துகிறார்கள். பொழுது சாய்ந்ததும் வீடு திரும்புகிறார்கள். ஒரு கண்ணாடிப் புட்டி புதரோரத்தில் கிடக்கிறது. அதன் அடியில் தித்திப்புத் துளி ஒட்டியிருக்கிறது. அதைத் தேடி எறும்பும் பூச்சியும் உள்ளே போகின்றன. அரணைக்கு மோப்ப சக்தி அதிகம். இரையின் வாசனை பிடித்து அதுவும் கழுத்து வழியே நுழைகிறது. உள்ளே போவது சுலபம். வெளியே வருவதுதான் முடியாது.

ஏன் முடியாது? பல்லியின் விரலடியில் சுவரைப் பற்றும் திண்டு உண்டு. அதனால் அது கண்ணாடியிலும் ஏறும். பாறை அரணைக்கு அது இல்லை. கூரிய நகம் மட்டும் உண்டு. சொரசொரப்பான பாறையில் அந்த நகம் போதும். பல லட்சம் ஆண்டுகளாக அதற்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. வழவழப்பான கண்ணாடிமேல் நகம் வழுக்குகிறது. ஏறுகிறது, சறுக்குகிறது, மறுபடி ஏறுகிறது, மறுபடி சறுக்குகிறது. மேலே வெயில் ஏறுகிறது. பட்டினியாலோ வெப்பத்தாலோ அது உள்ளேயே செத்துப்போகிறது. வீசப்பட்ட புட்டிகளும் தகர டப்பாக்களும் இந்த இனத்தின் அழிவுக்கு ஒரு காரணம் என்று அதை ஆராய்ந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குடும்பம் இதற்குள் எங்கே? வீட்டில் இருக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்து, சமாதானமாக நித்திரை போய்விட்டது. அவர்கள் மனத்தில் பகையில்லை, கொல்லும் எண்ணமில்லை, அரணை என்றொரு பிராணி அங்கே உண்டு என்ற நினைவுகூட இல்லாமலிருக்கலாம். ஆனாலும் அவர்களுடைய கையைவிட்டுப் போன பொருள், அவர்கள் மறந்த பிறகும், இரவும் பகலும் வேலை செய்துகொண்டே இருக்கிறது.

இங்கேதான் நாம் ஆலோசிக்க வேண்டிய கேள்வி பிறக்கிறது. தீங்கு செய்ய வேண்டுமென்ற எண்ணமே இல்லாதவன், தன் செய்கையால் விளைந்த தீங்குக்குப் பொறுப்பாளி ஆவானா?

மூன்று சமாதானங்கள்

இக்கேள்விக்கு மனிதர் சாதாரணமாகச் சொல்லும் சமாதானங்கள் மூன்று.

முதலாவது, "நான் வேண்டுமென்று செய்யவில்லை" என்பது. இதில் உண்மை இருக்கிறது, அதை மறுக்கலாகாது. கல்லை எடுத்து அரணையை நசுக்கும் துஷ்டனும், புட்டியை மறந்துபோன தகப்பனும் ஒன்றல்ல. எண்ணத்தின்படியே செய்கையை நிறுக்கவேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் எண்ணம் என்பது கொல்லும் எண்ணம் மட்டுமல்ல. கவனமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்ததா? அது இல்லாமற்போனதும் மனதைச் சேர்ந்த காரியம்தானே! குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவள் ஒருபோதும், "கீழே போட வேண்டுமென்று நினைக்கவில்லை, பிடிக்க வேண்டுமென்றும் நினைக்கவில்லை" என்று சொல்லமாட்டாள்.

இரண்டாவது, "எனக்குத் தெரியாது" என்பது. அறியாமையில் இருவகை உண்டு. ஒருவன் எவ்வளவு முயன்றாலும் அறிந்துகொள்ள முடியாதது ஒருவகை. அதற்காக யாரும் அவனைக் குற்றம் சாட்ட முடியாது. கேட்டால் தெரிந்துகொள்ளக் கூடியதைக் கேளாமலிருப்பது மற்றொருவகை. முதன்முதலில் அந்தப் பாறையில் புட்டியை விட்டுவந்தவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் உள்ளே அரணையின் எலும்பு கிடப்பதைப் பலர் கண்டு, சொல்லி, எழுதிய பிறகு வருகிறவனுடைய அறியாமை அப்படிப்பட்டதல்ல. ஊர் அறிந்ததை நான் அறியவில்லை என்றால், நான் அறிய விரும்பவில்லை என்றுதான் பொருள். அறிவு வரும்போது கடமையும் கூடவே வருகிறது. கடமை வேண்டாமென்று அறிவைத் தள்ளி வைக்கிறவர்களும் உண்டு. அவர்களுடைய அறியாமை அவர்களுக்குக் கேடயமாகாது.

மூன்றாவது, "என் ஒரு புட்டியால் என்ன வந்துவிடும்?" என்பது. மூன்றிலும் மிகவும் ஏமாற்றுவது இதுதான். ஒரு புட்டியால் ஓர் இனம் அழியாது என்பது மெய். ஆனால் அந்த ஒரு புட்டிக்குள் விழுந்த ஓர் அரணைக்கு அதுவே உலகத்தின் முடிவு. மேலும், அந்தக் கடற்கரைக்கு வந்த ஒவ்வொருவரும் இதே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டார்கள். ஒவ்வொருவர் சொன்னதும் தனித்தனியே மெய்யாகத்தான் இருந்தது. எல்லாருடைய சொல்லும் மெய்யாக இருந்தும், பாறை ஓரம் புட்டிகளால் நிறைந்தது. பங்கு போட்டுக்கொண்ட குற்றம் யாருக்கும் கனமாகத் தெரிவதில்லை. அதனாலேயே அதைச் சுமப்பதற்கு ஆள் கிடைப்பதில்லை.

நல்லெண்ணம் மட்டும் போதுமா?

"சரி, அஜாக்கிரதை தவறு என்று ஒப்புக்கொள்கிறோம். நல்லெண்ணத்தோடு ஒன்றைச் செய்தால் போதுமல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். அதே தீவு இதற்கும் விடை சொல்கிறது.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பழ ஈ என்னும் பூச்சி பழங்களைப் பாழாக்கி வந்தது. அதைத் தின்னட்டும் என்று 1905-ல் ஜமைக்காவிலிருந்து ஒருவகை ஓணானைக் கொண்டுவந்தார்கள். பழ ஈ அதனால் ஒழியவில்லை. ஓணான் மட்டும் தீவெங்கும் பெருகிற்று. 1940-களில் வேறொரு விபத்து வந்தது. வெளியிலிருந்து வந்த செதில் பூச்சி, பெர்முடாவின் பெருமையாகிய கேதுரு மரங்களைப் பற்றிக்கொண்டது. பத்தாண்டுக்குள் 100 மரத்தில் 95 பட்டுப்போயின. செதில் பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகளை வரவழைத்தார்கள். வந்த வண்டுகளை ஓணான் தின்றது. ஆகவே ஓணானைத் தின்னட்டும் என்று 1957-ல் டிரினிடாடிலிருந்து கிஸ்கடி என்ற பறவைகளை, ஏறக்குறைய 200, கொண்டுவந்து விட்டார்கள். கிஸ்கடி ஓணானோடு நிற்கவில்லை. பழத்தையும் தின்றது, பிற பறவைகளின் குஞ்சையும் தின்றது, அரணையையும் தின்றது. அது இன்றும் பெர்முடாவெங்கும் கூவிக்கொண்டிருக்கிறது.

ஒரு தவறைத் திருத்த இன்னொன்று, அதைத் திருத்த வேறொன்று. கடன் அடைக்கக் கடன் வாங்குகிற குடும்பத்தின் கதை போல இருக்கிறதல்லவா? இவற்றைச் செய்தவர்களில் ஒருவரும் தீயவரல்ல. விவசாயியின் பயிரைக் காக்கவும், மரத்தைக் காக்கவும் விரும்பினார்கள். குறை எண்ணத்தில் இல்லை. "இது போகுமிடத்தில் யார் குடியிருக்கிறார்கள்?" என்று விசாரித்துப் பார்க்கும் பொறுமையில்தான் குறை.

நன்றாக விசாரித்துச் செய்த காரியத்திலும் சிறு கீறல் விழுவதுண்டு. நண்டு தின்னும் இராக்கொக்கு ஒன்று முற்காலத்தில் பெர்முடாவில் இருந்து அழிந்துபோயிற்று. அதன் எலும்புகள் குகைகளில் கிடைத்தன. அந்த இடத்தை நிரப்ப, அதற்கு உறவான இராக்கொக்கின் குஞ்சுகளை 1976 முதல் 1978 வரை புளோரிடாவிலிருந்து கொண்டுவந்து வளர்த்தார்கள். அது நண்டுகளை நன்றாகவே அடக்கிற்று. ஆயினும் சில சமயம் அரணையையும் பிடித்துவிடுகிறது. ஆகையால், நன்றாக யோசித்தவனும் செய்து முடித்தபின் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. செய்வதற்கு முன் விசாரிப்பது பாதிக் கடமை. செய்தபின் திரும்பிப் பார்ப்பது மறு பாதி.

"அற்ப ஜந்துதானே!"

இன்னொரு ஆட்சேபம் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எடுத்துக்கொள்வோம். "மனிதர் பசியால் வாடும் உலகத்தில், ஓர் அற்ப ஜந்துவுக்காக இத்தனை கவலையா? அதனால் நமக்கு என்ன பிரயோசனம்?"

கேட்பவர் நல்ல மனத்தோடுதான் கேட்கிறார். மனிதனும் அரணையும் சமம் என்று நான் சொல்லவரவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்றலாம் என்ற நிலை வந்தால், எந்தப் பக்கம் கை நீட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கடற்கரையில் அப்படியொரு நிலை வரவில்லையே! காலிப் புட்டியை வீட்டுக்கு எடுத்துப்போவதால் எந்த ஏழையின் சோறு குறைந்துவிடும்? கொடுக்கும் கடமை ஒன்று. கெடுக்காதிருக்கும் கடமை மற்றொன்று. கொடுப்பதற்குப் பொருள் வேண்டும். கெடுக்காதிருப்பதற்குப் பெரும்பாலும் கொஞ்சம் கவனம் இருந்தால் போதும். செலவில்லாத கடமையைச் செய்யாமல் விட்டுவிட்டு, அதற்குப் பெரிய கடமைகளைச் சாக்காகக் காட்டுவது நியாயமல்ல. சிறியதில் கவனமற்றவன் பெரியதில் கவனமாக இருப்பான் என்று நம்பவும் முடியவில்லை.

பிரயோசனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கோடி ஆண்டு பழமையான வம்சம் ஒன்று நம் நாளில் நம் கையில் இருக்கிறது. நாம் அதை உண்டாக்கவில்லை; போனால் உண்டாக்கவும் நம்மால் முடியாது. இரவல் வாங்கிய பாத்திரத்தை, "எனக்கு இது உபயோகப்படவில்லை" என்று உடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாமா? உடையவரிடம் பத்திரமாகச் சேர்ப்பிப்பதுதான் இரவல் வாங்கியவனுடைய மரியாதை.

ஜாடியும் புட்டியும்

இனி இந்தக் கதையின் மறுபக்கத்தைச் சொல்கிறேன். அதுதான் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

அரணைகள் எத்தனை இருக்கின்றன, எப்படி வாழ்கின்றன என்று அறிய வந்த ஆராய்ச்சியாளர்கள் அவற்றை எப்படிப் பிடிக்கிறார்கள் தெரியுமா? ஒரு ஜாடியை வாய்வரை மண்ணில் புதைத்து வைக்கிறார்கள். உள்ளே இறங்கிய அரணையால் வழவழப்பான சுவரில் ஏற முடியாது. அதாவது, காலிப் புட்டி செய்கிற அதே வேலையைத்தான் ஜாடியும் செய்கிறது. அதே வழுக்கல், அதே சிறை. ஆனால் ஜாடியில் விழுந்த அரணை சாவதில்லை. ஏன்? ஜாடியை வைத்தவர் திரும்பி வருகிறார். எங்கே வைத்தோம் என்பது அவருக்கு நினைவிருக்கிறது. எடுத்து, அளந்து, அடையாளமிட்டு, அதன் பாறையிலேயே விட்டுவிடுகிறார்.

பார்த்தீர்களா, அன்பர்களே! உயிர் கொடுப்பதும் உயிர் எடுப்பதும் கண்ணாடியில் இல்லை. ஒருவர் திரும்பி வருகிறார், மற்றவர் மறந்துபோகிறார். வித்தியாசமெல்லாம் அவ்வளவுதான்.

திரும்பி வருவது என்றால் என்ன என்பதை ஆயுள் முழுவதும் செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. முன்னே சொன்ன கஹவ் பறவையைக் குடியேறியவர்கள் தின்றே தீர்த்துவிட்டார்கள் என்று ஏறக்குறைய 300 ஆண்டுகளாக எல்லாரும் நம்பியிருந்தார்கள். 1951-ல் ஒரு சிறு பாறைத் தீவில் அது உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடிக்கப் போனவர்களோடு 15 வயதுச் சிறுவன் ஒருவனும் போயிருந்தான். அவன்தான் பிற்காலத்தில் பெயர்பெற்ற டேவிட் விங்கேட். 1962-ல் அவர் நான்சச் என்ற சிறு தீவுக்குக் குடிபோனார். ஏறக்குறைய 6 ஹெக்டேர் பரப்புள்ள அந்தத் தீவு அப்போது பட்டுப்போன மரங்களோடு பாழாய்க் கிடந்தது. அவர் கேதுருவையும் அத்தீவுக்குரிய பனையையும் மற்ற மரங்களையும் ஒவ்வொரு கன்றாக நட்டார். தாம் நட்ட மரம் காடாவதைக் காணப் பல பத்தாண்டுகள் ஆகும் என்று அறிந்தே நட்டார். இராக்கொக்கைக் கொண்டுவந்தவரும் அவரே. இன்று அங்கே காடு இருக்கிறது; அரணையும் இருக்கிறது. 2009-ல் அந்தத் தீவிலேயே கஹவ் குஞ்சு பொரித்தது. இன்று 150-க்கு மேற்பட்ட கஹவ் ஜோடிகள் உண்டு. 2003-ல் பெர்முடா அரசு, அழியும் இனங்களைக் காக்கச் சட்டம் இயற்றி அரணைக்கும் காப்பளித்தது. இங்கிலாந்தில் செஸ்டர் நகரத்து மிருகக்காட்சிசாலையில் இந்த அரணைகளைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள்.

இவர்களில் யாரும் எலியைக் கொண்டுவந்தவர்களல்ல; பூனையை அவிழ்த்துவிட்டவர்களுமல்ல. ஆயினும் தாங்கள் செய்யாததன் சுமையைத் தாங்கள் எடுத்துக்கொண்டார்கள். குற்றம் வேறு, பரிகாரம் வேறு என்பதை இதிலிருந்து அறிகிறோம். பிள்ளை எறிந்த பந்தில் அண்டை வீட்டுக் கண்ணாடி உடைந்தால், தகப்பனுக்குக் குற்றமில்லை. ஆனால் விலை கொடுக்கவேண்டியவர் அவர்தான். "நான் குற்றவாளியா?" என்று கேட்பவன் தன்னைப் பார்க்கிறான். "நான் என்ன செய்யலாம்?" என்று கேட்பவன் விழுந்து கிடக்கும் உயிரைப் பார்க்கிறான்.

இந்தப் பரிகாரம் எப்பொழுதும் இனிப்பாக இருப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சிறு தீவுகளில் அரணையையும் பறவையையும் காக்க எலிகளைக் கொல்லவேண்டியிருக்கிறது. எலியும் உயிர்தான், அது தானாகக் கப்பலேறிக் குடியேற விரும்பவில்லை. முதலில் கவனமாக இருந்திருந்தால் இந்தக் கசப்பான வேலையே வந்திராது. அஜாக்கிரதைக்கு விலை உண்டு. பெரும்பாலும் அந்த விலையைக் குற்றமற்ற ஓர் உயிரே கொடுக்கிறது. ஆகவே அப்படிச் செய்ய நேர்ந்தவர்கள் அதைச் சந்தோஷமாகச் செய்யாமல், குறைந்த வேதனையோடு, கனத்த மனதோடு செய்யக் கடவர்கள்.

நம்முடைய புட்டிகள்

வாசகர்களே, பெர்முடாவுக்கு நம்மில் பெரும்பாலோர் போகப்போவதில்லை. அந்தப் பாறை அரணையை நாம் கண்ணால் காணப்போவதுமில்லை. ஆனால் வைத்துவிட்டு மறந்த புட்டி ஒவ்வொரு வீட்டிலும் உண்டு.

தண்ணீர் வரவில்லையென்று மூடாமல் விட்டுப்போன ஆழ்துளைக் கிணறு ஒரு புட்டி. அதில் விழுவது அரணையாக மட்டும் இருப்பதில்லை. குழந்தைகள் விழுந்து ஊரே அழுததை நாம் கேட்டிருக்கிறோம். அதைத் தோண்டியவனும் கொலைகாரனல்ல, மறந்துபோனவன். வேலிக்குப் போட்ட மின்கம்பி, வழியில் உடைந்து கிடக்கும் கண்ணாடி, பிள்ளைகளுக்கு எட்டும்படி வைத்த பூச்சிமருந்து, இவையெல்லாம் புட்டிகளே. பொருளாக இல்லாத புட்டிகளும் உண்டு. கோபத்தில் ஒரு மருமகளைப் பற்றிச் சொன்ன ஒரு சொல்லை, சொன்னவர் அன்றைக்கே மறந்துவிடுகிறார். அந்தச் சொல் வாசலைக் கடந்து, தெருவைக் கடந்து, பல வருஷம் கழித்தும் ஒருத்தியை உள்ளே வைத்துப் புழுக்கிக்கொண்டிருக்கிறது. கொடுத்த வாக்கை மறந்தவர், காத்திருப்பவரைப் புட்டிக்குள் விட்டுப் போனவரே.

ஆகவே இரவில் படுக்கப்போகுமுன் மனச்சாட்சியைச் சோதிக்கும் வழக்கமுள்ளவர்கள், "இன்று யாருக்காவது தீங்கு நினைத்தேனா?" என்று கேட்பதோடு நிற்கவேண்டாம். அந்தக் கேள்விக்கு நம்மில் பலர் "இல்லை" என்று சுலபமாகச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடலாம். இன்னொன்றையும் கேட்டுக்கொள்வோம்: "இன்று என் கையிலிருந்து, என் வாயிலிருந்து புறப்பட்டது எதுவும் எங்காவது திறந்த வாயோடு கிடக்கிறதா?" கிடக்கிறது என்று நினைவு வந்தால், மறுநாள் காலையில் போய் எடுத்துவிடலாம். அநேகமாக நேரம் இன்னும் கடந்திராது.

பிள்ளைகளுக்கும் இதைச் சிறிய காரியங்களில் பழக்குங்கள். கடற்கரைக்கோ ஆற்றங்கரைக்கோ போனால், கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டுக்குள் அரணை வந்துவிட்டால் துடைப்பத்தால் அடிக்கச் சொல்லாமல், கதவைத் திறந்து வெளியே போகவிடச் சொல்லுங்கள். அது நக்கினால் மரணமில்லை என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

அரணைக்கு மறதி என்று நாம் சொல்லி வந்தோம். நான்கு லட்சம் ஆண்டுகளாக அது தன் பாறையை மறக்கவில்லை. தன் முட்டையை விட்டு அகலவும் இல்லை. வைத்ததை மறந்தவர்கள் நாமே. இனி எந்தப் பிள்ளையையாவது "உனக்கு அரணை புத்தி" என்று ஏச வாய் திறக்கும்போது, ஒரு நொடி நிறுத்தி, நாம் எங்கே எதை வைத்துவிட்டு வந்தோம் என்று முதலில் நினைத்துப் பார்ப்போமாக.